எதுக்கும் சூதானமா இருங்க: எச்சரிக்கை என்னும் பிரதி குறித்து

1

ஒரு நாவலை முந்நூறு பிரதி அச்சிட்டு, அது தீர மூன்று வருஷம் காத்திருக்கிற மொழி நம்முடையது. அதே மொழியில் ஆசிரியர் பெயர் இல்லாமல், அச்சகம் இல்லாமல், மதிப்புரை இல்லாமல் ஒரே ராத்திரியில் ஊரெல்லாம் வாசிக்கப்பட்டு, வாசித்தவர்களாலேயே மறுபதிப்பும் செய்யப்படுகிற எழுத்துவகை ஒன்று இருக்கிறது. எச்சரிக்கை. ஏடிஎம்மில் திருடன் மிரட்டினால் ரகசிய எண்ணைத் தலைகீழாக அழுத்துங்கள், போலீஸ் வந்துவிடும். ராத்திரி கார்க் கண்ணாடியில் முட்டை எறிந்தால் வைப்பரைப் போடாதீர்கள், கொள்ளையடிக்கத்தான் எறிகிறார்கள். வாசலில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டால் கதவைத் திறக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் மூன்று டிக் விழுந்து அதில் ஒன்று சிவப்பாக இருந்தால் அரசாங்கம் உங்கள்மேல் நடவடிக்கை எடுக்கப்போகிறது. தலைகீழ் எண் போலீஸைக் கூப்பிடுகிற ஏடிஎம் எந்த வங்கியிலும் கிடையாது. மூன்றாவது டிக் என்று ஒன்றே கிடையாது. இருந்தும் இவை வருஷக்கணக்காக மொழி விட்டு மொழி, தேசம் விட்டு தேசம் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இவற்றைப் பற்றிப் பேசும்போது நம் பகுத்தறிவு நண்பர்கள் உடனே 'படிப்பறிவின்மை', 'மூடநம்பிக்கை' என்று முடித்துவிடுகிறார்கள். என் அனுபவத்தில் இவற்றை அதிகம் அனுப்புகிறவர்கள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள், வங்கி ஊழியர்கள், தொழிற்சங்கத் தோழர்கள், கவிதை எழுதுகிறவர்கள். யாரையும் ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் ஒரு துளியும் இல்லாதவர்கள். பொய்யைச் சொல்கிறவன் கெட்டவன் என்றால் விமர்சனத்துக்கு வேலையில்லை, போலீஸுக்குத்தான் வேலை. நல்லெண்ணமே ஒரு பொய்யைச் சுமந்து திரிகிறது என்கிறபோதுதான் அந்தப் பிரதியை வாசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2

முதலில் வடிவம். நம்மில் பலர் வீட்டு வாசலில் திருப்பதி வெங்கடாசலபதி மகிமை என்று தலைப்பிட்ட நோட்டீஸைப் பார்த்திருக்கிறோம். இதைப்போல் ஆயிரம் நோட்டீஸ் அச்சடித்துக் கொடுத்தவனுக்கு லாட்டரி விழுந்தது. கிழித்துப் போட்டவன் வீட்டில் சாவு விழுந்தது. அந்தக் கடிதத்தில் கடவுளைப் பற்றிய செய்தி என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. 'என்னைப் பெருக்கு' என்பதுதான் அதன் முழுச் செய்தி. இன்றைய எச்சரிக்கை அந்த நோட்டீஸின் நேர் வாரிசு. சாமி போய்விட்டது, சாபமும் போய்விட்டது. அந்த இடத்தில் 'கடமை' உட்கார்ந்திருக்கிறது. 'ஒரு உயிரைக் காப்பாற்ற ஒரு நிமிடம் ஒதுக்க மாட்டீர்களா?' என்று கேட்கிறபோது அனுப்பாதவன் கல்நெஞ்சக்காரன் ஆகிவிடுகிறான். வெங்கடாசலபதி கொடுத்த பயத்தைவிட இது கெட்டியான பயம்.

1994இல் மின்னஞ்சல் வழியாக உலகம் முழுக்க ஓர் எச்சரிக்கை பரவியது. 'குட் டைம்ஸ்' என்ற தலைப்பில் ஒரு கடிதம் வரும், திறந்தால் கணினி பாழாகிவிடும், தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லுங்கள் என்றது அது. அப்படியொரு வைரஸ் இருக்கவில்லை. எச்சரிக்கை மட்டும் கணினியிலிருந்து கணினிக்குத் தொற்றிக்கொண்டே போனது. எது வரப்போகிறது என்று அந்தக் கடிதம் பயமுறுத்தியதோ, அதுவாகவே அந்தக் கடிதம் இருந்தது.

இந்தப் பிரதிகளின் இலக்கணத்தையும் கவனிக்க வேண்டும். காலம் எப்போதும் 'நேற்று'. இடம் எப்போதும் 'நம்ம ஏரியா'. சாட்சி எப்போதும் 'எனக்குத் தெரிந்த போலீஸ் நண்பர்'. தேதி இல்லாததால் அது பழசாவதில்லை. ஊர் இல்லாததால் எல்லா ஊருக்கும் பொருந்துகிறது. முடிவில் 'பகிரவும்' என்று எழுவாய் இல்லாத ஒரு ஏவல். யார் ஏவுகிறார், யாரை ஏவுகிறார் என்பது தெரியாது. அல்தூஸர் சொன்ன உதாரணம் இங்கே நினைவுக்கு வருகிறது: போலீஸ்காரர் பின்னாலிருந்து கூப்பிட, தன்னைத்தான் என்று திரும்புகிற கணத்தில் ஒருவன் அதிகாரத்தின் தன்னிலை ஆகிவிடுகிறான். எச்சரிக்கையும் நம்மை அப்படி விளிக்கிறது. 'பொறுப்புள்ள மனிதரே' என்ற அந்த விளிக்கு நாம் மறுமொழி சொல்கிற ஒரே வழி, அடுத்தவரை விளிப்பதுதான்.

தமிழுக்கே உரிய ஒரு விஷயம் இதில் இருக்கிறது. நம் பேச்சில் 'ஆம்' என்று ஒரு சின்ன விகுதி உண்டு. 'வந்திருக்காங்களாம்', 'புடிச்சிட்டுப் போனானாம்', 'செத்துப்போச்சாம்'. நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன், இதற்கு நான் ஜவாப்தாரி இல்லை என்பதை அந்த ஓரசை சொல்லிவிடும். திண்ணையில், ஆத்தங்கரையில், டீக்கடையில் வதந்தி பேசியவர்கள் இந்த 'ஆம்' இல்லாமல் பேசியதில்லை. கேட்பவருக்கும் எத்தனை பங்கு தள்ளுபடி செய்துகொள்ள வேண்டும் என்று தெரியும். எழுத்துக்கு வந்ததும் முதலில் உதிர்வது இந்த 'ஆம்'தான். 'வந்திருக்காங்களாம்' என்று காதில் விழுந்தது, தட்டச்சு செய்யப்படும்போது 'ஊடுருவியுள்ளனர்' ஆகிறது. நாளிதழின் நடை, காவல்துறைக் குறிப்பின் நடை. கேள்வி அறிவு காட்சி அறிவாக வேஷம் கட்டிக்கொள்கிறது. இலக்கணத்தில் நடந்த இந்தச் சின்ன மாற்றத்தின் விலை என்ன என்பதை 2018இல் பார்த்தோம்.

3

2018 ஏப்ரல், மே மாதங்களில் தமிழ்நாடு முழுக்கக் குரல்பதிவுகளும் வீடியோக்களும் சுற்றின. வடநாட்டிலிருந்து இத்தனை நூறு பேர் பிள்ளைபிடிக்க இறங்கியிருக்கிறார்கள் என்றன அவை. ஆசிரியர்களும் எழுதுகிறவர்களும் இருந்த ஒரு குழுவிலிருந்து எனக்கும் ஒன்று வந்தது. நான் அதை அம்பாசமுத்திரத்தில் இருக்கிற அக்காவுக்கு அனுப்பினேன். கூடவே, 'எக்கா, பிள்ளைகளத் தெருவுல விடாத. எதுக்கும் சூதானமா இரு' என்று எழுதினேன். அவள் அதைத் தெருவில் நாலு பேருக்கு அனுப்பினாள். நான் அதை நம்பினேனா என்று கேட்டால், நம்பவில்லை. நம்பவில்லை என்பதும் சரியில்லை. நம்பிக்கை என்ற கேள்வியே எனக்குள் எழவில்லை. 'எதுக்கும்' என்ற சொல் அந்தக் கேள்வியை எழ விடாமல் பார்த்துக்கொண்டது.

'உண்மையோ பொய்யோ, ஜாக்கிரதையா இருக்கது நல்லதுதான?' இந்தப் பிரதிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற கருத்தியல் வாக்கியம் இதுதான். இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. உண்மையாக இருந்தால் லாபம். பொய்யாக இருந்தால் நஷ்டமில்லை. அனுப்புகிறவனுக்கு இந்தக் கணக்கு சரிதான். அவனுக்கு நஷ்டமில்லை. நஷ்டம் வேறொருவர் பேரில் எழுதப்படுகிறது.

2018 மே 9. திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்குப் பக்கத்தில் அத்திமூர். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்காக அந்தப் பக்கம் காரில் வந்தது. அதில் மலேசியாவிலிருந்து வந்த உறவினர்களும் இருந்தார்கள். வழியில் பார்த்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். ஊர் கூடி அடித்தது. 65 வயதுப் பெண்மணி இறந்துபோனார்; மற்றவர்கள் படுகாயமடைந்தார்கள். அதே நாட்களில் பழவேற்காட்டில் யாரென்றே தெரியாத ஒரு மனிதனை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள்.

அத்திமூர்ச் செய்தியைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். நான் அனுப்பியது அம்பாசமுத்திரத்துக்கு. அது அத்திமூருக்குப் போகவில்லை என்று எனக்கு யார் உறுதி சொல்வார்கள்?

4

தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் குடும்பத்தின் பயணம் அந்நியமானதில்லை. பங்குனி உத்திரத்தன்று இந்தப் பக்கத்து ஊர்களில் வெளியூர்க் கார்களும் வேன்களும் வந்து நிற்கும். சென்னையிலும் மும்பையிலும் பிறந்து வளர்ந்தவர்கள் தங்கள் சாஸ்தா எந்தக் குளத்தங்கரையில், எந்த வயக்காட்டில் இருக்கிறார் என்று தெரியாமல் வழி கேட்டு நிற்பார்கள். ஆடி அமாவாசைக்குக் காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஜனம் வந்து குவியும். 'நீங்க எந்த ஊரு? யாரு வீடு?' என்று நம் ஆட்கள் விசாரிப்பார்கள். அந்த விசாரிப்பில்தான் வந்தவருக்கும் ஊருக்கும் உறவு பிறக்கும். முகம் தெரியாதவன் வருவதற்கு நம் ஊர்களில் சடங்காகவே ஓர் இடம் இருந்தது. எச்சரிக்கைப் பிரதி முதலில் அழித்தது அந்த இடத்தை. 'எந்த ஊரு?' என்ற அதே கேள்வி, 2018இல் கம்போடு நின்றவர்களின் வாயிலிருந்தும் வந்தது.

அந்த மாதங்களில் இந்தியா முழுக்கச் சுற்றிய வீடியோ ஒன்றின் கதை இதைவிடக் கசப்பானது. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். கராச்சியில் 'ரோஷ்னி' என்ற குழந்தைகள் உதவி அமைப்பு 2016இல் எடுத்த விழிப்புணர்வுப் படம் அது. மூலத்தில் அந்த இருவரும் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிடுகிறார்கள். குழந்தை கடத்துவது இத்தனை எளிது, கவனமாக இருங்கள் என்று அட்டை காட்டுகிறார்கள். இங்கே வந்தபோது கடைசிப் பகுதி வெட்டப்பட்டிருந்தது. நடிப்பு ஆவணமாகிவிட்டது. நல்லெண்ணத்தோடு எடுத்த ஓர் எச்சரிக்கை, வால் அறுபட்டு, நல்லெண்ணமுள்ளவர்களின் கைகள் வழியே வந்து ஆளைக் கொன்றது.

கொல்லப்பட்டவர்கள் யார் என்று பார்த்தால் இந்தப் பிரதியின் அரசியல் புரியும். 2018 ஜூலை 1ஆம் தேதி மகாராஷ்டிராவில் துலே மாவட்டத்து ராயின்பாடாவில் ஐந்து பேர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். நாத்பந்தி தவரி கோசாவி என்னும், பிச்சையெடுத்து ஊர் ஊராகத் திரியும் நாடோடிச் சமூகத்தவர்கள். மற்ற இடங்களிலும் மனநிலை பாதிக்கப்பட்டவர், வேலை தேடி வந்தவர், பாஷை தெரியாதவர், திருநங்கையர் என்று பட்டியல் நீள்கிறது. 'சந்தேகத்துக்கிடமான நபர்' என்ற சொல்லாடல் நேற்று வாட்ஸ்அப்பில் பிறந்ததில்லை. 1871இல் வடக்கே தொடங்கி, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், முழுச் சமூகங்களையே எச்சரிக்கைக்குரிய பொருளாக எழுதிவைத்தது. கள்ளர், மறவர், குறவர் என்று தென்மாவட்டத்து ஜனங்கள் ரேகை வைத்து, ராத்திரி ஸ்டேஷனில் படுத்து அனுபவித்த சட்டம் அது. 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் போனது. அந்தப் பட்டியலின் வாசகம் போகவில்லை. எந்தச் சமூகங்களைப் பற்றி அன்று காகிதத்தில் எழுதினார்களோ, அவற்றின் பேரப்பிள்ளைகளே இன்று நாடோடிகளைப் பற்றியும் வடநாட்டுக் கூலிகளைப் பற்றியும் அதே வாசகத்தைக் கைபேசியில் அனுப்புகிறார்கள். 'பிறர்' என்ற காலியிடத்தில் ஆள் மட்டும் மாறியிருக்கிறது.

ஆள் எத்தனை சுலபமாக மாறுகிறது என்பதற்கு 2023 மார்ச் உதாரணம். தமிழ்நாட்டில் இந்தி பேசும் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று, வேறெங்கோ வேறு காரணத்துக்காக நடந்த சம்பவங்களின் வீடியோக்கள் பீகாரில் பரவின. பீகார் சட்டமன்றத்தில் பேச்சு வந்தது. அங்கிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துப் போனது. தமிழகக் காவல்துறைத் தலைவரே வீடியோவில் மறுப்புச் சொன்னார். ஐந்து வருஷத்துக்கு முன் யாரைப் பார்த்து நாம் பிள்ளைகளை உள்ளே இழுத்தோமோ, அவர்களுடைய அம்மாமார் இப்போது நம்மைப் பார்த்துப் பயந்து மகன்களை ஊருக்குக் கூப்பிட்டார்கள்.

5

இங்கே ஓர் எதிர்வாதம் வரும் என்று தெரியும். வதந்தி அடித்தள மக்களின் ஊடகம் அல்லவா? ரணஜித் குஹா 1983இல் வெளிவந்த தம் நூலில், காலனிய இந்தியாவின் விவசாயக் கலகங்களில் வதந்தி எப்படி வேலைசெய்தது என்று விரிவாகக் காட்டியிருக்கிறார். ஆசிரியன் இல்லாமை, வாய் மாறும்போதெல்லாம் வளர்வது, சொல்கிறவனும் கேட்கிறவனும் ஒரே வரிசையில் நிற்பது ஆகியவையே அதன் பலம். ஜார்ஜ் லெஃபெவர் 1789ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கிராமங்களைப் பிடித்தாட்டிய 'பெரும்பயம்' பற்றி 1932இல் எழுதினார். பிரபுக்களின் கூலிக்காகக் கொள்ளைக்காரர்கள் வருகிறார்கள் என்ற பேச்சு. கொள்ளைக்காரர் யாரும் வரவில்லை. ஆயுதம் எடுத்த விவசாயிகள் பல இடங்களில் பிரபுக்களின் மாளிகைக்குள் புகுந்து நிலவரிப் பத்திரங்களைக் கொளுத்தினார்கள். ஆக வதந்தியைக் கண்டிப்பது அரசின் குரலில் பேசுவதாகாதா?

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பயத்தின் திசையைப் பார்க்க வேண்டும். 1789இல் பயம் கீழிருந்து மேல்நோக்கிப் பாய்ந்தது. நம் எச்சரிக்கைகளில் ஒன்றாவது பண்ணையாரைப் பற்றி, கந்துவட்டிக்காரரைப் பற்றி, தாமிரபரணியில் மணல் அள்ளியவர்களைப் பற்றி 'உடனே பகிரவும்' என்று வந்ததுண்டா? வராது. அவர்களுக்குப் பெயர் உண்டு, விலாசம் உண்டு, வக்கீல் உண்டு. எச்சரிக்கைக்குத் தேவைப்படுவது பெயரும் விலாசமும் இல்லாதவன். ஆசிரியன் இல்லாத பிரதி, பெயர் இல்லாத ஒருவனைத் தேடி அலைகிறது. அடித்தளத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டு காவல்நிலையத்தின் உள்ளடக்கத்தை அதில் ஊற்றியதுதான் இந்த வகைமை.

6

அப்படியானால் அரசு மறுப்புச் சொன்னால் போதுமா? 2018 ஜூன் 28 அன்று திரிபுராவில், பிள்ளைபிடிக்கிறவர்கள் என்பதெல்லாம் வதந்தி என்று ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராகச் சொல்ல அரசு கூலிக்கு அமர்த்திய ஒருவரையே, பிள்ளைபிடிக்கிறவன் என்று ஜனங்கள் அடித்துக் கொன்றார்கள். மறுப்பைக் கொண்டுவந்தவனும் ஊருக்கு வெளியாள்தான்.

திருநெல்வேலிக்காரர்களுக்கு மறுப்பைச் சந்தேகப்படப் பழைய காரணம் இருக்கிறது. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. ஜனங்கள் ஆற்றுக்குள் ஓடினார்கள். ஒரு சின்னக் குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். தண்ணீரில் மூழ்கினார்கள் என்றது அரசுத் தரப்பு. ஆற்றுக்குள் அடித்து விரட்டினார்கள் என்றது பார்த்தவர்கள் தரப்பு. கொக்கிரகுளத்துக் கரையில் நின்று அதைப் பார்த்த ஒருவரிடம் போய், 'காவல்துறை விளக்கம் அளித்துள்ளது, நம்புங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. உண்மைக்கு உரிமை கொண்டாடுகிற வாய் தன் மதிப்பைத் தானே செலவழித்துவிட்ட இடத்தில்தான் வதந்தி முளைக்கிறது.

நிறுவனமும் தன் பங்குக்கு ஏதோ செய்தது. 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்றாக்கியது. வேகம் குறையலாம். 'எதுக்கும்' குறையவில்லை.

7

இந்த வகைமை வளர்த்துவிட்ட இன்னொரு பழக்கம் இருக்கிறது. மோசடிக்காரன் இன்று எந்த நடையில் பேசுகிறான் என்று கவனியுங்கள். 'உங்கள் மின் இணைப்பு இன்றிரவு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணைத் தொடர்புகொள்ளவும்.' 'உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் உள்ளது, நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள்.' அப்படியொரு கைது சட்டத்தில் இல்லை என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொல்ல வேண்டியிருந்தது. மோசடி எச்சரிக்கையின் வேஷத்தில் வருகிறது. அதே அவசரம், அதே 'உடனே', அதே பெயரில்லாத அதிகாரி. பொய் எச்சரிக்கைகள் நம்மை மோசடியிலிருந்து காக்கவில்லை என்பது மட்டுமில்லை. யோசிக்காமல் கீழ்ப்படிவதற்கு அவை நாள்தோறும் பயிற்சி கொடுத்திருக்கின்றன. வாழ்நாள் சேமிப்பை இழந்து நிற்கிற ஓய்வூதியக்காரர், முட்டை வீசும் கொள்ளையரைப் பற்றி நம்மை எச்சரித்த அதே ஆசிரியராகவும் இருக்கலாம்.

தென்மாவட்டங்களில் காவல் என்றொரு முறை இருந்தது. ஊர் காவல்காரருக்கு நெல்லோ பணமோ அளக்கும். களவு போனால் அவர் பொருளை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டும். காவல்காரரே களவுக்கும் துணை என்று வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். துப்புக்கூலி வாங்கிக்கொண்டு களவு மாட்டை மீட்டுக் கொடுத்த கதைகள் ஏராளம். சாதி ஆதிக்கத்தோடு பின்னிக் கிடந்த அந்த முறையை நான் கொண்டாடவில்லை. ஆனால் அதில் 'ஈடு' என்று ஒரு சொல் இருந்தது. எச்சரிக்கும் உரிமை எடுத்துக்கொண்டவனுக்குத் தவறினால் கொடுக்க வேண்டிய விலையும் இருந்தது. நாம் எல்லோரும் இன்று ஊர்க்காவல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம், ஈடு மட்டும் ஏற்கவில்லை. அத்திமூரில் அடித்தவர்கள் பலர் கைதானார்கள். அனுப்பியவர்கள் நாங்கள் வீட்டில் இருந்தோம்.

எனவே நம்மைப் போன்றவர்கள், எழுதுகிறவர்களும் இயக்கங்களில் இருக்கிறவர்களும், குறைந்தபட்சம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எந்த ஊர், எந்தத் தேதி, பார்த்தது யார், பொய்யானால் அடி யாருக்கு விழும் என்ற நாலு கேள்விக்கும் விடை இல்லாத எச்சரிக்கை நம் கையோடு நிற்கட்டும். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால், உதிர்ந்துபோன அந்த 'ஆம்' விகுதியை மறுபடி ஒட்டி, கீழே நம் பெயரைப் போட்டு அனுப்புவோம். பெயர் போட மனம் வராத இடத்தில், நமக்கே அது தெரியாது என்று புரியும். ஏற்கெனவே அனுப்பியது பொய்யென்று தெரிந்தால், அதே ஆட்களுக்கு, அதே அவசரத்தோடு, 'நான் அனுப்பியது தப்பு' என்று சொல்வோம். இந்த மறுப்பு போலீஸிடமிருந்து வராமல் தம்பியிடமிருந்து வருவதால் கொஞ்சம் எடுபடும்.

2018இல் நான் அதைச் செய்தேன். அக்காவுக்குப் போன்போட்டு, 'எக்கா, நான் அனுப்புனது பொய்யி. நீ அனுப்புன ஆளுககிட்டயும் சொல்லிரு' என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: 'சாயங்காலம் ஒரு கிழவி தண்ணி கேட்டு வந்தா. கதவத் தொறக்கலியே தம்பி. அவ இப்பம் எந்தத் தெருவுல நிக்காளோ?'